முழக்கத்தின் இலக்கணம்: திராவிட இயக்க மேடையில் வெகுசனவாதமும் நன்னம்பிக்கையும்

முன்னுரை

அரசியல் மேடைப்பேச்சில் வெகுசனவாத உரை, நன்னம்பிக்கை உரை என இரு போக்குகளைக் காணலாம். மக்கள் என்னும் திரளை எதிர்த்தரப்பு ஒன்றிலிருந்து எல்லை வகுத்துப் பிரித்துக் காட்டுவது முன்னது. வரவிருக்கும் நலத்தை முன்னிறுத்துவது பின்னது. எல்லை வகுக்கும் இத்தன்மையை எர்னஸ்டோ லக்லாவ் 2005இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார். எனினும் தமிழகச் சூழலில் நலத்திட்ட வாக்குறுதிகளையும் வெகுசனவாதம் என்றே வகைப்படுத்தும் வழக்கு உண்டு. இதனால் இரண்டிற்கும் உள்ள மொழிநிலை வேறுபாடு மறைந்துபோகிறது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் இரு முழக்கங்களைக் கொண்டு அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லை வகுக்கும் முழக்கம்

‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்பது முதல் முழக்கம். வடக்கு, தெற்கு என்னும் திசைப்பெயர்கள் இடவாகுபெயராய் நின்று மக்களையும் அதிகாரத்தையும் சுட்டுகின்றன. ஒவ்வொரு தொடரின் உள்ளும் மோனை அமைய, இரு தொடர்களுக்கும் இடையே முரண் அமைகிறது. வாழ்தல், தேய்தல் ஆகிய இரண்டும் செயப்படுபொருள் குன்றிய வினைகள் என்பது கருதத்தக்கது. ‘வடக்கு தெற்கைத் தேய்க்கிறது’ என்றிருப்பின் அது நேரடிக் குற்றச்சாட்டாகும், சான்றும் வேண்டப்படும். இங்கோ காரணத்தொடர்பு சொல்லப்படவில்லை. இரு தொடர்களையும் அடுத்தடுத்துக் கேட்பவரே அதனை நிரப்பிக்கொள்கிறார். நிகழ்கால வினைமுற்று அந்நிலையை முடிவுறாத ஒன்றாகக் காட்டுகிறது.

அளவு கூறும் முழக்கம்

1960களின் நடுப்பகுதியில் நிலவிய அரிசித் தட்டுப்பாட்டின் பின்னணியில், 1967 தேர்தலில் ஒலித்தது ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்னும் முழக்கம். இதில் எதிர்த்தரப்பு இல்லை, வினைமுற்றும் இல்லை. பெயர்ப்பயனிலைகள் இரண்டும் இயைபுத் தொடையால் பிணைகின்றன. வாக்குறுதிகள் பொதுவாகச் சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும். இதுவோ மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. அவ்விறக்கமே விருப்பத்தையும் பொறுப்பையும் வேறுபடுத்தி, நம்பகத்தன்மையைத் தருகிறது.

கேட்போர் கையில் அளவுகோல்

தேர்தலில் வென்று ஆட்சியமைத்த பின், 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. நிதிச்சுமையால் மாநிலம் முழுவதும் விரியவில்லை. இக்குறையைச் சுட்ட எதிர்க்கட்சியினர்க்குப் புதிய சொல் தேவைப்படவில்லை. முழக்கத்திலிருந்த ‘படி’யே போதுமானதாயிற்று. தன்னைச் சோதிப்பதற்குரிய அளவையை அம்முழக்கமே கேட்போரிடம் கொடுத்திருந்தது. தேய்தலுக்கு அத்தகைய அளவை இல்லை. ஐந்தாண்டுத் திட்ட ஒதுக்கீடுகள், தொழிற்சாலைகளின் அமைவிடம் பற்றிய வாதங்கள் அதன் பின்னணியில் இருந்தன. ஆயினும் முழக்க வடிவில் அவை இடம்பெறவில்லை.

முடிவுரை

ஒரே இயக்கத்தின் மேடையில் இவ்விரண்டும் ஒலித்தமையால், இவற்றைப் பேச்சாளர் வகைகளாகக் கொள்வதைவிட உரையின் செயற்பாடுகளாகக் கொள்வதே பொருந்தும். ஒன்று ‘நாம்’ என்னும் உணர்வை ஆக்குகிறது. மற்றொன்று அந்த ‘நாம்’ பெறவேண்டியதை வரையறுக்கிறது. தொடையழகு இரண்டிற்கும் பொதுவாகலின் அது வேறுபடுத்தும் கூறாகாது. எதிர்த்தரப்பு சுட்டப்படுகிறதா, வினை எவ்வாறு அமைகிறது, அளவை தரப்படுகிறதா என்னும் மூன்று வினாக்களே அதற்கு உதவுவன. இவற்றுள் மூன்றாவது, வாக்களிப்போர் பின்னாளில் கணக்குக் கேட்க இயலுமா என்பதைத் தீர்மானிப்பதால் முதன்மை பெறுகிறது.