பெட்டியும் சரக்கே!

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையம் சாக்லேட் விற்பனைக்குப் பேர் போனது. விமானம் ஏறும் அவசரத்தில் பயணி வீட்டாருக்கென்று ஒரு பெட்டி வாங்குகிறார். பேரம் பேசவோ, நாலு கடை ஏறி இறங்கவோ நேரமில்லை. சரக்கு கெட்டிருந்தால் மறுநாள் வந்து கேட்கவும் முடியாது. கடையின் பெயரை நம்பியே பணம் கொடுக்கிறார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? 1857-இல் ழான் நொய்ஹவுஸ் என்பவர் பிரஸ்ஸல்ஸில் மருந்துக்கடை தொடங்கி, மருந்தின் மேல் சாக்லேட் பூசி விற்றார். 1912-இல் அவர் பேரன், உள்ளே பூரணம் வைத்த 'பிரலின்' செய்தார். காகிதப் பொட்டலத்தில் கொடுத்ததால் அது நசுங்கியது. 1915-இல் பேரனின் மனைவி லூயிஸ் அகொஸ்தினி அதற்கென அட்டைப் பெட்டி வடிவமைத்தார். நசுங்கல் நின்றது, சரக்கு அன்பளிப்பாகவும் ஆயிற்று.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. எந்த ஊருக்கு, எத்தனை நாள் பயணம் என்று கேட்டே சரக்கு கொடுக்க வேண்டும். பாலேடு கலந்த பூரணம் நெடுநாள் தாங்காது.

2. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் சித்திரை வெயில் அதைத் தாண்டும். உருகி இறுகிய சாக்லேட்டில் வெள்ளை படரும். அது பூஞ்சணம் அல்ல; ஆனாலும் வாடிக்கையாளர் கெட்ட சரக்கென்றே நினைப்பார்.

3. கடைசித் தேதியைக் காட்டியே விற்க வேண்டும்.

நம்மிடம் அல்வா, முறுக்கு வாங்கி வெளியூர் செல்வோரும் இப்படிப்பட்ட பயணிகளே. பெட்டியைப் பிரிக்கும் வீட்டில் நாம் இருக்கமாட்டோம்; நம் கடைப் பெயர் இருக்கும். அதை மனத்தில் வைத்துப் பொட்டலம் கட்டுவோம்.