டிரைவர் தேடும் முன் சிப்பைப் பாருங்கள்

சுவிட்ச் புதிது, ஐபி முகவரி இன்னும் கொடுக்கவில்லை. அல்லது ரவுட்டர் பழையது, பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. இரண்டுக்கும் கன்சோல் போர்ட்தான் வழி. லேப்டாப்பில் இப்போது ஒன்பது பின் சீரியல் போர்ட் வருவதில்லை என்பதால் யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகுகிறோம். செருகியும் டெர்மினல் நிரலான புட்டியில் ஒன்றும் வராவிட்டால், கேபிள் பெட்டியில் உள்ள பெயரைப் போட்டு இணையத்தில் டிரைவர் தேடுவதே வழக்கம். நேரம் வீணாவது அங்கேதான். பெட்டியில் இருப்பது விற்பவர் வைத்த பெயர். டிரைவர் பார்ப்பது உள்ளே இருக்கும் சிப்பை.

முதலில், கம்ப்யூட்டருக்குக் கேபிள் தெரிகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள், பிறகு பிடுங்குங்கள். பட்டியலில் ஏதாவது வந்து மறைந்தால் தெரிகிறது. அசைவே இல்லையென்றால் எந்த டிரைவரும் உதவாது. நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள், வேறு யூஎஸ்பி துளையில் போட்டுப் பாருங்கள். சுவிட்சின் மினி யூஎஸ்பி கன்சோல் துளைக்குக் கையில் கிடைத்த கேபிளைப் போட்டிருந்தால், அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வகையாக இருக்கலாம். அதில் டேட்டா கம்பிகளே இருக்காது.

தெரிகிறது என்றால் அடுத்தது அடையாள எண். அந்தப் பெயர்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை இதையே ஒரு வரியில் காட்டும். 0403 என்று தொடங்கினால் எஃப்டிடிஐ. 067பி என்றால் ப்ரோலிஃபிக். 1ஏ86 என்றால் சிஎச்340 செய்யும் டபிள்யூசிஎச். 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸ். இனி சிப் நிறுவனத்தின் தளத்துக்கே நேராகப் போகலாம். டிரைவர் திரட்டித் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் வேண்டவே வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதன் பிழை எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் இன்னும் போடப்படவில்லை, எளிய வேலை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் சாதனம் தொடங்க மறுக்கிறது. இதில் அதிகம் அகப்படுவது ப்ரோலிஃபிக்கின் பிஎல்2303. அதன் எச்எக்ஸ்ஏ ரகம் 2012-லேயே கைவிடப்பட்டது. சந்தையில் அதன் போலிகளும் ஏராளம். புதிய டிரைவர் இவற்றை ஏற்காது. சில பதிப்புகள் டிவைஸ் மேனேஜரிலேயே, இந்தச் சிப் 2012-இல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று எழுதிக் காட்டும். பழைய டிரைவருக்குத் திரும்பினால் பெரும்பாலும் ஓடும். ஆனால் விண்டோஸ் அப்டேட் ஒருநாள் புதியதை மறுபடி ஏற்றிவிடும், நீங்கள் டேட்டா சென்டரில் நிற்கும்போது அது தெரியவரும். அவசரத்துக்குப் பழைய டிரைவர் சரி. நிரந்தரத்துக்கு வேறு கேபிள் வாங்குவதே மேல்.

எஃப்டிடிஐயிலும் போலி உண்டு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அவர்களின் டிரைவர், போலிச் சிப்புகளின் பிஐடி எண்ணை (அடையாள எண்ணில் நிறுவன எண்ணுக்கு அடுத்த பகுதி) 0000 என்று மாற்றி எழுதிச் செயலிழக்க வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் பழைய கேபிள் 0403-உடன் 0000 காட்டினால் கதை இதுதான்.

லினக்ஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நான்கு சிப்புகளுக்குமான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. அங்கே வழக்கமாக உதைப்பது அனுமதி. உபுண்டுவில் டயல்அவுட் குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 செருகிய கணமே போர்ட் காணாமல் போனால், பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல் அதைத் தன் சாதனம் என்று நினைத்துப் பிடித்திருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் பிரெய்ல் திரை பயன்படுத்துவோர் யாரும் இல்லையென்றால் நீக்கிவிடலாம்.

விண்டோஸில் போர்ட் எண்ணையும் சரிபாருங்கள். சிஎச்340 போன்றவற்றில் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது; வேறு துளையில் செருகினால் காம்3 காம்7 ஆகிவிடும். புட்டியில் பழைய எண்ணே கிடக்கும்.

இப்போது கேபிளைச் சுவிட்சிலிருந்து கழற்றி ஒரு சோதனை. ஒன்பது பின் முனையில் 2, 3 பின்களை ஒரு கம்பித் துண்டால் இணையுங்கள். ஆர்ஜே45 முனையுள்ள சிஸ்கோ வகைக் கேபிள் என்றால் 3, 6. புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை நன் என்று வைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் டிரைவர், சிப், கேபிள் மூன்றும் நலம்; டிரைவரை அத்தோடு மறந்துவிடலாம்.

பிறகும் திரை வெறுமையாக இருந்தால் சுவிட்சை அணைத்துப் போட்டு, அது எழும்போது பாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு. சிஸ்கோவில் இயல்பு 9600, மைக்ரோடிக்கில் பெரும்பாலும் 115200. எழுத்து சரியாக வருகிறது, நீங்கள் தட்டுவது மட்டும் ஏறவில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோலை ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்றே விட்டுவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிஸ்கோ சுவிட்ச் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: யூஎஸ்பி கன்சோல் துளையில் யாராவது கேபிள் செருகி வைத்திருந்தால் உள்ளீட்டை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆர்ஜே45 வழியே திரை தெரியும், தட்டினால் ஏறாது. அந்த யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு என்டரைத் தட்டுங்கள்.