பேட்மேன் யார் பிள்ளை?

கேள்வி: பேட்மேனை உருவாக்கியவர் பாப் கேன்தானே? பில் ஃபிங்கர் பெயரையும் இப்போது சேர்த்துப் போடுகிறார்களே, அவர் யார்?

பதில்: முதல் கதையை எழுதியவரே அவர்தான். கேன் வரைந்து காட்டிய உருவத்துக்குச் சிவப்பு உடை, விறைப்பான இறக்கைகள், கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. காது வைத்த தலைமூடி, இறக்கைக்குப் பதில் மேலங்கி, கையுறை, கறுப்புச் சாம்பல் நிறம் எல்லாம் ஃபிங்கர் சொன்ன மாற்றங்கள். நாயகனின் நிஜப் பெயரான புரூஸ் வேய்ன், அவன் வாழும் காத்தம் நகரம் என்ற பெயர்களும் ஃபிங்கர் வைத்தவையே. 1939-இல் கதை வெளிவந்தது. ஒப்பந்தம் கேன் கையில் இருந்ததால் பெயர் முழுக்க அவருக்கே போனது. ஃபிங்கர் 1974-இல் இறந்தார். அவருக்கும் உரிய இடம் தர, பேட்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. நிறுவனம் ஒப்புக்கொண்டது 2015-இல். அதிலும் கேனுக்குப் பின்னால், ‘உடன்’ பில் ஃபிங்கர் என்றுதான் போடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இருவரையும் சமமாகவே போட்டிருக்க வேண்டும்.