விமானம் தலைக்கு மேல் போகும்போது மூச்சை விடு

தங்கச்சி, போன வாரம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தேன். கார்ப்பரேட் அக்கவுண்டிங் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தபோதும் அதே பக்கம்தான் திறந்திருந்தது. "படிச்சிட்டுதான்க்கா இருக்கேன்" என்றாய். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2015 டிசம்பரில் நான் பி.காம். இரண்டாம் வருடம். செமஸ்டர் பரீட்சை நடக்க வேண்டிய நேரத்தில் அடையாறு பெருகியது. பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் தண்ணீர். நீ சின்னப் பெண், உன்னைத் தூக்கிக்கொண்டு அப்பா பக்கத்து வீட்டு மாடிக்குப் போனார். ஏர்போர்ட்டை மூடிவிட்டதால் சில நாட்கள் வானத்தில் சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் நின்றபோது எனக்கு உலகமே நின்றுபோனது மாதிரி இருந்தது. பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நோட்டு ஊறிப்போய் மை கரைந்துவிட்டது.

புதுத் தேதி வந்த அன்று பல்லாவரம் ஸ்டேஷன் வரை போனேன். நெஞ்சு அடித்தது, கை சில்லிட்டது, வாந்தி வருவது போல இருந்தது. இரண்டு ரயிலை விட்டேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றியபோது வந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் எனக்கு விழுந்த அடி. "போகாம இருந்தா பொழைச்ச" என்று மூளை அன்றைக்கே பாடம் படித்துக்கொண்டது. அடுத்த முறை அந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே படபடப்பு. மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டிய பேப்பருக்கு ஒன்றரை வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

நீயும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் செய்கிறாய். விலகுகிற ஒவ்வொரு முறையும் பயம் ஒரு சுற்று பெருக்கும். அதனால் அதைக் கொஞ்சமாகத் தொடு. பத்து நிமிடம் அலாரம் வை, ஒரே ஒரு இரண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுது, அலாரம் அடித்ததும் நிறுத்திவிடு. இன்னும் எழுதலாம் போலத் தோன்றினாலும் முதல் மூன்று நாள் நிறுத்திவிடு. உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்பதை உடம்பு முதலில் நம்பட்டும். போர்ஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பு நம்பாமல் துடித்தால் மூச்சு இருக்கிறது. நம் தெரு விமானங்கள் தரையிறங்கும் பாதைக்குக் கீழே இருக்கிறது. படிக்கும்போது அந்தச் சத்தத்துக்கு எத்தனை முறை எரிச்சல்பட்டிருப்பாய்! அதையே வேலை வாங்கு. சத்தம் ஏறும்போது நாலு எண்ணி மூக்கால் மூச்சை இழு. தலைக்கு மேல் தாண்டி அது தேயத் தேய, உதட்டைக் குவித்து ஆறோ எட்டோ எண்ணி மெதுவாக விடு. மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது தணியும். அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். பயம் வந்த பிறகு முதல் தடவையாக இதைச் செய்தால் பலிக்காது. பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது செய்து பழகு. பழகிய மூச்சு பரீட்சை ஹாலில் தானாக வரும், அங்கே விமானம் வேண்டாம்.

அடுத்தது, எவ்வளவு வேண்டும் என்று பேப்பரில் எழுதிப் பார். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. அந்த 75-இல் 30 எடுத்து, இன்டர்னலோடு சேர்த்து 40 வந்தால் பாஸ். உன் கல்லூரி தன்னாட்சி என்றால் கணக்கு வேறாக இருக்கும், ஆபீஸில் கேட்டு வா. "எல்லாம் படிக்கணும்" என்பது இருட்டில் நிற்கிற பூதம். "முதல் மூணு யூனிட்டில் 30 மார்க் வாங்கணும்" என்பது ஒரு வேலை, செய்துவிடலாம். நல்ல மார்க்கை ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் காலூன்ற இடம் வேண்டும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதை விடு. மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் பத்துத் தடவை வாசித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும், ஹாலில் உட்கார்ந்ததும் காணாமல் போகும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. நமக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. எழுதிப் பார்ப்பது பரீட்சைக்கே ஒத்திகை. பழைய கொஸ்டின் பேப்பர், கடிகாரம், மூன்று மணி நேரம், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. நாலு முறை வீட்டில் எழுதிவிட்டால் ஹால் உனக்குப் புது இடமாக இருக்காது.

டீயைப் பற்றி. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் பாதியளவு ராத்திரி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கலாம். படபடப்புக்காரிக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய். நாலு மணியோடு நிறுத்து. காலையில் ஒரு இட்லியாவது சாப்பிடாமல் கிளம்பாதே. பரீட்சைக்கு முந்தின ராத்திரி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணிவிடு. யாரோ ஒருத்தி எல்லா யூனிட்டும் முடித்துவிட்டாள் என்பது உனக்குத் தேவையில்லாத தகவல்.

ஒரு தடவை ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடலாம். ரத்தச்சோகையிலும் தைராய்டு கூடினாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு நானே கூட வருகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிடு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நானும் அப்போது சொல்லவில்லை. "டென்ஷனா இருக்கு" என்றால் அம்மாவுக்குப் புரியாது, "யாருக்குதான் இல்ல" என்பாள். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுதும்மா, சோறு இறங்கல" என்று சொல். சனிக்கிழமை அகஸ்தீஸ்வரர் கோயிலுக்குப் போவாள் இல்லையா, நம் பொழிச்சலூர்க் கோயிலை வட திருநள்ளாறு என்று சொல்லி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நீயும் கூடப் போ, விளக்குப் போடு. திரும்பி நடந்து வரும்போது சொல். முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வது சுலபம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், கல்லூரிக்கே போக முடியாமல் போனால், டிப்ஸெல்லாம் போதாது. 14416-க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். ராத்திரி எந்த நேரமானாலும் தமிழில் பேசலாம், காசு இல்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினால்கூட முதலில் என்னை எழுப்பு. எந்த நேரமானாலும் எழுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து போன் பண்ணலாம்.

டாக்டர் என்றதும் 'கீழ்ப்பாக்கமா' என்று யாராவது கேலி பண்ணுவார்கள் என்று பயப்படாதே. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் பல வருடம் நடத்திய சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனநலத்துக்கான ஸ்கார்ஃப் அமைப்பையும் தொடங்கி, 98 வயதுவரை வாழ்ந்தார். அந்தக் கேலியைத் துடைக்கத்தான் அவர் ஆயுள் முழுக்க உழைத்தார். நீ சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களில் கவுன்சலர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உன் கல்லூரியில் அவர் எந்த அறையில் உட்காருகிறார் என்று திங்கட்கிழமை கேட்டு வா. இப்போது பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அறை தெரிந்திருக்கட்டும்.

போன இரண்டு வருடத்துக் கொஸ்டின் பேப்பரையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடிக்கு வா. பேனாவும் தண்ணீர் பாட்டிலும் போதும், போனைக் கீழேயே வைத்துவிட்டு வா. தண்ணித் தொட்டி நிழலில் பாய் போட்டு வைக்கிறேன். ஒரு மணி வரைக்கும் நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.