மொடல் பிறகு, கொழுந்து முதலில்: கண்டியிலிருந்து செயற்கை நுண்ணறிவு முதுமாணி

கண்டிப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே செயற்கை நுண்ணறிவில் முதுமாணி செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த லெப்டொப் வாங்கட்டும்?" என்பதுதான். "என்ன தலைப்பு எடுக்கலாம்?" என்பதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், அதுவும் ஆய்வு முன்மொழிவு கொடுக்க இரண்டு கிழமை இருக்கும்போது. இந்த வரிசையைத் தலைகீழாக்கத்தான் இதை எழுதுகிறேன். கையில் ஒரு பட்டம் இருக்கிறது, பைதன் ஓரளவு தெரியும், ஆங்கிலப் பாடநூலை உட்கார்ந்து வாசித்தால் விளங்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பைதன் தெரியாதவர் ஆறு மாதம் அதைப் பழகிவிட்டு விண்ணப்பியுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு பழகலாம் என்பது நடக்காத காரியம்.

பாடநெறியைத் தெரிவதில் அதிகம் குழம்ப வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் கற்கை நிறுவனத்தில் தரவு விஞ்ஞானமும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த முதுமாணி இருக்கிறது. மொரட்டுவையில் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காகக் கிழமைக்குக் கிழமை கண்டியிலிருந்து மொரட்டுவைக்கு ஓடாதீர்கள். பாதையில் போகும் நேரம் படிக்கும் நேரத்திலிருந்துதான் கழியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே தனியார் நிறுவனம் ஊடாகச் செய்வதானால், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் முதுமாணி இரண்டு மட்டத்தில் வருகிறது. 9ஆம் மட்டம் 30 கிரெடிட். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியது. பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டு வேலை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் சேர்ந்து 50 மணித்தியாலம். அப்படியானால் 30 கிரெடிட்டுக்கு 1500 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம் வேண்டும். சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை வீட்டாரிடமும் காட்டிவிடுவது நல்லது. பின்னால் கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் 10ஆம் மட்டத்துக்குப் போங்கள். பதவி உயர்வுதான் நோக்கம் என்றால் 9 தாராளமாகப் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேராதனைக்குப் போக்குவரத்து: கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கண்டிக்குள் வரவே தேவையில்லை, கலஹா சந்தியில் இறங்கிவிடலாம். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மாத்தளைக்காரர்கள் நகரைக் கடந்தாக வேண்டும், ஆகவே வெள்ளெனக் கிளம்புங்கள். எசல பெரஹெரா நாட்களில் மாலை வகுப்பு இருந்தால் வீடு திரும்பும் வழியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

கணிதம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு வகையீடு கைவசம் இருக்கும். உயிரியல், வர்த்தகப் பிரிவிலிருந்து வருபவர்கள் தாயங்கள், பகுதி வகையீடு, நிகழ்தகவு மூன்றையும் வகுப்புத் தொடங்க முன் தூசு தட்ட வேண்டும். கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் அட்சரகணித விரிவுரைகள் எம்.ஐ.டி.யின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டைசன்ரொத், ஃபைசால், ஓங் மூவரும் 2020இல் வெளியிட்ட இயந்திரக் கற்றலுக்கான கணித நூலின் பிரதியும் இலவசம். இந்த இரண்டுக்கு மேல் எதையும் தரவிறக்காதீர்கள். முப்பது புத்தகம் சேர்த்து வைத்து ஒன்றையும் திறக்காதவர்களை எனக்குத் தெரியும். விரிவுரையைப் பார்த்தால் மட்டும் போதாது, கணக்கைக் கொப்பியில் பேனையால் செய்யுங்கள்.

லெப்டொப்: 16 ஜி.பி. ரேம் இருந்தால் போதும். ஜி.பி.யு. உள்ளதை வாங்கக் கடன்படாதீர்கள். கூகுள் கொலாபும் காகிளும் இலவசமாக ஜி.பி.யு. தருகின்றன. கொலாப் இடையில் அறுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் மொடலை டிரைவில் சேமிக்கும்படி நிரலை எழுதிவிடுங்கள். மின்சாரம் போனாலும் அதுதான் காப்பாற்றும்.

இனி ஆட்கள் விழுகிற இடத்துக்கு வருவோம். வகுப்புப் பாடங்களில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. ஆய்வில்தான் வருடக்கணக்காக இழுபடுகிறார்கள். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மொடலை முதலில் தெரிவுசெய்துவிட்டு, அதற்குத் தீனி போடத் தரவு தேடுகிறார்கள். "டிரான்ஸ்ஃபோமர் வைத்து ஏதாவது செய்ய வேண்டும்" என்று மேற்பார்வையாளரிடம் போனால், அவரும் பாவம், ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புவார். நீங்கள் இணையத்தில் கிடைக்கும் ஒரு தரவுத்தொகுதியை எடுத்து, ஏற்கெனவே நூறு பேர் செய்ததைத் திரும்பச் செய்து, 98 வீதத் துல்லியம் என்று எழுதுவீர்கள்.

அந்த 98ஐ நம்பாதீர்கள். தாவர நோய்ப் படங்களில் எல்லோரும் எடுப்பது பிளான்ட்வில்லேஜ் தொகுதியைத்தான். அதில் 14 பயிர்களின் 54,306 இலைப் படங்கள் இருக்கின்றன. 2016இல் மொஹாந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் அதில் 99.35 வீதத் துல்லியம் எடுத்தார்கள். அதே ஆய்வில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31.4 வீதத்துக்கு விழுந்தது. அதை அவர்களே நேர்மையாக எழுதியும் வைத்தார்கள். பிளான்ட்வில்லேஜ் படங்கள் ஒரே மாதிரியான பின்னணியில், ஒவ்வொரு இலையாகப் பிடுங்கி வைத்து எடுத்தவை. நம் மலையில் இலை அப்படியா இருக்கிறது? மேலே மூடுபனி, கீழே சேறு, இடையில் பறிப்பவரின் கை.

ஆகவே என் விதி: வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் உள்ள தரவை எடுங்கள். கண்டிக்காரருக்கு அதற்குப் பஞ்சமில்லை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்டதிலிருந்து இந்த மலைகள் முழுக்கக் கொழுந்துதான். தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் தலவாக்கலையில் இருக்கிறது, ஹந்தானையிலும் ஒரு நிலையம் உண்டு. அதனால் தேயிலையின் கொப்புள நோயை உதாரணமாக வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வரிசை இதுதான்.

முதலில் காலம். கொப்புள நோய் ஒரு பூஞ்சையால் வருவது. அதற்கு ஈரமும் குளிரும் வேண்டும், இளம் இலையைத்தான் பிடிக்கும். முன்மொழிவு மாசியில் அங்கீகாரமாகி, பங்குனி வெயிலில் கமராவோடு தோட்டத்துக்குப் போனால் நோயே கண்ணில் படாது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. படம் எடுக்கும் வேலை அதற்குள் விழும்படி திரும்பி எண்ணி, முன்மொழிவை எப்போது கொடுக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். பல்கலைக்கழக நாட்காட்டியை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் ஒரு முழு வருடம் மழைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது அனுமதி. தோட்டத்துத் துரைக்கு மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். என்ன எடுப்பீர்கள், எத்தனை நாள், படங்களை எங்கே வைப்பீர்கள், இவ்வளவும் போதும். ஆட்களின் முகம் படத்தில் வராது என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள். கடிதம் இல்லாமல் தெரிந்த கங்காணி ஊடாக உள்ளே போவது சுலபம்தான், ஆனால் பிறகு அந்தப் படத்தை ஆய்வில் வெளியிட முடியாமல் நிற்பீர்கள்.

மூன்றாவது படம் எடுப்பது. ஃபோனே போதும். இலையின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள், ஏனென்றால் கொப்புளம் வெள்ளையாகப் புடைப்பது பெரும்பாலும் அடிப்பக்கத்தில். நோய் இல்லாத இலையையும், பூச்சி கடித்த இலையையும், உரத் தட்டுப்பாட்டில் மஞ்சளான இலையையும் அதே அளவு கவனத்தோடு எடுங்கள். இவை இல்லாவிட்டால் உங்கள் மொடல் புள்ளி கண்ட இடமெல்லாம் கொப்புள நோய் என்று சொல்லும். ஒவ்வொரு படத்துக்கும் திகதி, தோட்டம், டிவிசன், மலை இலக்கம், செடி இலக்கம் என்று எக்செல்லில் ஒரு வரி அன்றிரவே எழுதுங்கள். நாளைக்கு என்று விட்டால் அது எழுதப்படாது.

ஒரு குறுக்கு வழியும் சொல்கிறேன். ஃபோன் படம் ஒன்று 4 எம்.பி. வரும், 2000 படம் என்றால் 8 ஜி.பி. அப்படியே மேகத்துக்கு ஏற்றினால் உங்கள் டேட்டா பெக்கேஜ் அன்றே முடிந்துவிடும். முதலில் இலையை மட்டும் வெட்டியெடுத்து, பிறகு 512 பிக்சலுக்குச் சுருக்குங்கள். மொத்தமும் 200 எம்.பி.க்குள் அடங்கும். வெட்டாமல் சுருக்கினால் ஆரம்பகாலப் புள்ளிகள் அழிந்துவிடும். மூலப் படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

நான்காவது பெயரிடுவது. எது நோய், எது இல்லை என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர், தேயிலை நோய் தெரிந்த இன்னொருவர், இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் பார்க்காமல் 100 படத்துக்குப் பெயரிடட்டும். 15 படத்தில் இருவரும் முரண்பட்டால், உங்கள் மொடல் 97 வீதம் சரி என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. இருவரும் எவ்வளவு உடன்படுகிறார்கள் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, கோஹனின் கப்பா. அதைக் கணித்து எழுதுங்கள், பரீட்சகர்கள் அதை விரும்புவார்கள்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம், ஏறத்தாழ எல்லோரும் பிழைவிடுவதும் இதில்தான். எல்லாப் படத்தையும் ஒன்றாகக் கலந்து, 80 வீதம் பயிற்சிக்கு, 20 வீதம் சோதனைக்கு என்று குலுக்கிப் பிரிப்பார்கள். ஒரே செடியை ஆறு கோணத்தில் எடுத்திருப்பீர்கள். குலுக்கினால் அதில் ஐந்து பயிற்சிக்குள்ளும் ஒன்று சோதனைக்குள்ளும் போகும். பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாளைக் காட்டிவிட்டுப் பிள்ளைக்கு 98 புள்ளி என்று சந்தோஷப்படுவது இதுதான். மூன்று தோட்டத்தில் படம் எடுங்கள். இரண்டில் பயிற்றுவியுங்கள், மூன்றாவதை மொடலின் கண்ணிலேயே காட்டாமல் கடைசி வரை பூட்டி வையுங்கள். புள்ளி குறையும், குறையட்டும். 74 வீதம் என்று வந்து, ஏன் குறைந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது ஆய்வு.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணோடும் நிற்காதீர்கள். ஆயிரம் இலையில் 20தான் நோயுள்ளது என்று வைப்போம். எல்லாவற்றையும் "நோயில்லை" என்று சொல்லும் மொடலுக்கும் 98 வீதத் துல்லியம் உண்டு. இனி, நோயுள்ளதில் 95 வீதத்தைப் பிடித்து, நல்லதில் 5 வீதத்தைத் தவறாக நோய் என்று சொல்லும் ஒரு மொடலை எடுங்கள். அது 19ஐப் பிடிக்கும், மீதி 980 நல்ல இலையில் 49ஐயும் நோய் என்று சொல்லும். மொத்தம் 68 எச்சரிக்கையில் 19தான் உண்மை, அதாவது 28 வீதம். இந்தக் கணக்கை மேற்பார்வையாளர் கேட்க முன் நீங்களே காட்டுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் மொடல். மொபைல்நெட் அல்லது ரெஸ்நெட், ஏற்கெனவே பயிற்றப்பட்டது, கடைசி அடுக்கை மாற்றினால் போதும். ஒரு பின்னேர வேலை. புதிதாக மொடல் கண்டுபிடிக்கும் ஆசையை இன்னொரு பட்டத்துக்கு ஒத்திவையுங்கள்.

தேயிலை வேண்டாம், தமிழில் செய்கிறேன் என்பவர்களுக்குச் சுருக்கமாக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்வேஸ்வரன் உருவாக்கிய தமிழி மோர்ஃப் உருபனியல் கருவியையும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் வெளியிட்டவற்றையும் முதலில் பாருங்கள், அங்கே இருப்பதைத் திரும்பச் செய்யாதீர்கள். இலங்கைத் தமிழ்க் கோப்புகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், யூனிகோடுக்கு மாற்றாமல் தொடாதீர்கள். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒற்றை எழுத்தாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, மொடலுக்கு இரண்டு வேறு சொல். பைதனில் என்.எஃப்.சி. ஒழுங்குபடுத்தலை ஒரு வரியில் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேற்பார்வையாளரிடம் போகும் முறை: "சேர், ஏதாவது தலைப்பு தாங்க" என்று வெறுங்கையோடு போகாதீர்கள். அவருடைய கட்டுரை இரண்டை வாசித்துவிட்டு, நீங்கள் எடுத்த 50 படத்தையும் அந்த எக்செல் தாளையும் கொண்டு போங்கள். மின்னஞ்சல் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரு கிழமை விட்டு இன்னொன்று. வட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு நச்சரிப்பவர்களை எந்த விரிவுரையாளருக்கும் பிடிக்காது.

எழுதுவதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். தரவு எப்படிச் சேர்ந்தது என்ற அத்தியாயத்தை மழைக்காலம் முடிந்த கையோடு எழுதினால், வாய்மொழிப் பரீட்சையில் "இந்தப் படம் எந்த மலையில் எடுத்தது?" என்று கேட்கும்போது தடுமாற மாட்டீர்கள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும். மூன்றாவது தோட்டத்துப் பெறுபேற்றைத் தனி ஸ்லைடில் போட்டு, மொடல் பிழைவிட்ட படங்களில் ஆறையும் அதற்குப் பக்கத்திலேயே வையுங்கள். பென் டிரைவில் ஒரு பி.டி.எஃப். பிரதியும் இருக்கட்டும், மண்டபத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது.