நாம்பன் கன்றுக்கும் பால் வேண்டும்

"கறிக்கு விற்கப்போகிற நாம்பனுக்கு ஏன் சுவாமி பால்? நாகு என்றாலும் பரவாயில்லை." கால்நடை வகுப்பொன்றிலே ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. இடம்பெயர்ந்து வந்து, பிறர் காணியிலே கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்குக் காலையில் விற்கும் இரண்டு போத்தல் பால்தான் அன்றைய அரிசி. நாம்பன் கன்று அதிலே பங்குக்கு வருகிற போட்டிக்காரன் போலத் தோன்றும். ஆனால் சில வருடங்களின் பின் வியாபாரி வந்து, விலாவைத் தடவிப் பார்த்து விலையைக் குறைக்கிறானே, அந்த விலையின் பெரும்பங்கு கன்றின் முதல் மூன்று மாதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

மாட்டுக்கு இரைப்பையில் நான்கு அறைகள் என்பது நீங்கள் அறிந்ததே. பிறந்த கன்றிலே புல்லைப் புளிக்கவைக்கும் முதல் அறை மிகச் சிறியது, வேலை செய்யாது. கன்று முலையை உறிஞ்சும்போது உணவுக்குழாயின் அடியில் ஒரு வாய்க்கால் மடிந்து மூடிக்கொள்ளும். பால் அதன் வழியாக நேரே நாலாவது அறைக்குப் போய்விடும். ஆகவே பாலிலுள்ள கொழுப்பு கன்றின் உடம்பிலே அப்படியே சேருகிறது. ஒரே நிறையுள்ள மாச்சத்தை விடக் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தரும். பிறந்த கன்றின் உடம்பில் கொழுப்புச் சேமிப்பு மிகவும் குறைவு. மாரி மழையிலே, தறப்பாளின் கீழ் நனைந்து நிற்கும் கன்று முதலில் குளிரோடு போராடவே சக்தியைச் செலவழிக்கும். மிஞ்சினால்தான் வளர்ச்சி.

இறைச்சியின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. தசை நார்களின் எண்ணிக்கை தாயின் வயிற்றிலேயே முடிந்துவிடும். பிறந்தபின் அவை பருக்கும், பெருகாது. தசைக்குள்ளே கொழுப்பைச் சேமிக்கும் கலங்களோ பிறந்து ஏறக்குறைய எட்டு மாதம் வரை புதிதாக உண்டாகின்றன. பிறகு எவ்வளவு தீன் போட்டாலும் இருக்கிற கலங்கள் பெருக்குமே தவிர, புதிய கலங்கள் அதிகம் தோன்றா. யப்பானிய வாகியு மாட்டிறைச்சியில் சலவைக்கல் வரிகள் போல வெள்ளைக் கோடுகள் ஓடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கோடுகள் இந்தக் கலங்கள்தாம். அமெரிக்காவிலே கன்றுகளை மூன்று நான்கு மாதத்திலேயே பால் மறக்கச்செய்து, தானியத் தீனில் விட்டபோது இறைச்சியில் இக்கோடுகள் கூடின. கன்றின் தீனிலே எண்ணெய் கலந்த ஆய்வுகள் மட்டும் ஒரே முடிவைத் தரவில்லை: சிலவற்றில் பலன் இருந்தது, சிலவற்றில் இல்லை.

எமது சந்தையிலே அந்த வெள்ளைக் கோட்டுக்கு யாரும் கூடுதற் காசு தருவதில்லை. மிளகாய்த் தூள் போட்டு ஒரு மணித்தியாலம் அவிக்கிற கறிக்கு அது தேவையும் இல்லை. எமக்கு வேண்டியது இளவயதிலேயே தசை பிடித்து, நேரத்தோடு விற்கக்கூடிய நாம்பன். கிழடாகி விற்கும் மாட்டின் இறைச்சி சவ்வு போல இருக்கும். அதற்குக் காரணம் வயதோடு முற்றும் இணைப்பு நார்; கொழுப்பல்ல.

ஆகவே காசு கொடுத்துக் கொழுப்பு வாங்கத் தேவையில்லை. இருக்கிற கொழுப்பைக் கன்றுக்கு விட்டாற் போதும். கறக்கும்போது முதலில் வரும் பால் தண்ணீர் போன்றது. கடைசியில் வரும் பாலிலே கொழுப்புப் பல மடங்கு. கன்றை முதலிலே ஊட்டவிட்டுப் பிறகு கறப்பவர் கடைசிப் பாலைத் தாம் எடுக்கிறார். கன்றைச் சிறிது முட்டவிட்டுப் பால் இறங்கியதும் கறந்து, மடியைக் கன்றுக்கு விடுபவர் கன்றுக்கு நெய்யைக் கொடுக்கிறார். ஆனால் பால் சேகரிப்பு நிலையம் கொழுப்பைப் பார்த்துத்தானே காசு தருகிறது? அதற்கும் வழி உண்டு. முதல் இரண்டு மாதமும் நான்கு முலைகளில் மூன்றைக் கடைசிவரை கறவுங்கள். ஒன்றைத் தொடாது கன்றுக்கு விடுங்கள். பாலின் அளவு குறையும், கொழுப்பு வீதம் குறையாது. விடும் முலையை நாளுக்கு நாள் மாற்றுங்கள். கன்று மீதிப் பாலை ஊட்டி எடுப்பதால் மடிவீக்க நோயும் குறையும். அந்த ஒரு நோய் பிடித்தாற் போகும் பணத்தை எண்ணினால் இந்த நட்டம் பெரிதல்ல.

கடும்புப் பாலைப் பற்றிப் பலமுறை எழுதியாயிற்று. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வயிறு நிறையக் கொடுங்கள். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள் குடலால் இரத்தத்தில் சேராது. பின்னர் நாளாந்தம் கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு பால் என்று கணக்கு வையுங்கள். 18 கிலோ கன்றுக்கு இரண்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவு.

சிலர் பாலை முழுவதும் விற்றுவிட்டு, கொழுப்பு நீக்கிய மாப்பாலைக் கரைத்துத் தேங்காயெண்ணெய் கலந்து பருக்குகிறார்கள். வேண்டாம். பாலின் கொழுப்புக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் மட்டும் பெற்ற கன்றுகளின் ஈரலில் கொழுப்புப் படிந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மற்றத் தாவர எண்ணெய்களைப் பாலில் நன்றாகக் கலக்காமல் ஊற்றினால் கழிச்சல் வரும். மீன் எண்ணெயை அளவுக்கு மீறிப் பருக்கினால் தசை வெளிறி, கன்று எழும்ப முடியாமற் படுத்துவிடும்.

எருமைக் கன்று வைத்திருப்போருக்கு ஒரு சொல்: தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு வருகிறது. இரண்டு மூன்று வாரத்திலே மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கொழுத்த பாலெல்லாம் புழுவுக்குத்தான்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு பிடி தீன் காட்டுங்கள்: இடித்த சோளம், புதுத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சிறிது உப்பு, பக்கத்திலே நல்ல தண்ணீர். முதல் அறையை வளரச்செய்வது புல்லை விட இந்தத் தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களே. பச்சை நாற்றம் மாறிக் கசந்த தவிட்டையும் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் கன்றுக்குக் காட்டாதீர்கள். பூஞ்சண நஞ்சு ஈரலைத் தாக்கும்.

வளர்ந்த மாட்டுக்கு இந்தக் கணக்கே மாறிவிடும். முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயை மாற்றி இறுகவைத்துவிடும்; மாட்டுக் கொழுப்பு கட்டியாக இருப்பது அதனாலேதான். காய்ந்த தீனின் நிறையில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்குக்கு மேல் கொழுப்புப் போனால் வைக்கோலைச் செமிக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மாளும். வைக்கோலையே நம்பி நிற்கும் மாட்டுக்கு எண்ணெய் ஊற்றுவது வயிற்றிலே அடிப்பது போல. எண்ணெய் கூடிய செக்குப் புண்ணாக்கையும் அளவோடு கொடுங்கள். சீமைக்கிளுவைக் குழை வேலியிலே சும்மா கிடைக்கும். வெட்டி ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் விரும்பித் தின்னும்.

விற்கும் நாளிலே நாம்பனை வெயிலில் மைல்கணக்கில் நடத்தியும் அடித்தும் கொண்டுபோகாதீர்கள். களைத்த மாட்டின் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடும். அதன் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, விரைவில் பழுதாகும். முதல் நாளே கொண்டுபோய், நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து ஆறவிடுங்கள். விலை பேசுமுன் பக்கத்துச் சந்தையிலும் ஒருமுறை விசாரியுங்கள்.