கணக்கும் கோலமும் ஒரே பீரியடில்

ஓவியத்தை மற்றப் பாடங்களோடு இணைக்கச் சொன்னால் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான்: அறிவியலில் பூவின் பாகங்கள் வந்தால் பூவை வரையச் சொல்வார்கள்; வரலாற்றில் தஞ்சைப் பெரிய கோயில் வந்தால் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பாடமும் கூடுதலாகப் புரிவதில்லை, கையும் தேறுவதில்லை. வரைந்து பார்த்தால்தான் பிடிபடும் ஒரு கருத்தைப் பாடப்புத்தகத்தில் தேடுங்கள். பாடத் திட்டத்தில் முதல் வேலை அதுதான், கடினமான வேலையும் அதுதான்.

ஆறாம் வகுப்புக்கு அப்படி ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது: சிக்குக் கோலம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய கணிதவியலாளர்கள் 1974-லேயே கோலத்தின் அமைப்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மீப்பெரு பொதுக் காரணி போதும்.

கணக்கு ஆசிரியர் அதை எந்த வாரம் நடத்துகிறார் என்று கேட்டு, அதற்கு முந்தைய வாரம் உங்கள் வகுப்பை வையுங்கள். பாடம் முடிந்த பிறகு வைத்தால் விடை தெரிந்தே வரைவார்கள், கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடும். பல அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாக வருவதால், இந்தப் பேச்சை முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, நோக்கம் இரண்டை எழுதுங்கள். ஒன்று கைக்கு: கோடு ஒரே தடிமனில், புள்ளியிலிருந்து ஒரே இடைவெளியில் வளைந்து வர வேண்டும். மற்றொன்று கணக்குக்கு: கோலத்துக்குள் இருக்கும் விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். முதல் நோக்கத்தை விட்டுவிட்டால் அது ஓவிய வகுப்பே இல்லை.

வகுப்புக்கு முன் நீங்கள் ஒருமுறை வரைந்து பாருங்கள். கட்டம் போட்ட நோட்டில் நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அடுத்தடுத்து உள்ள எந்த இரு புள்ளிக்கும் நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்க வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். விதி இவ்வளவுதான். முழுக் கோலமும் ஒரே கம்பியில், அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் ஒரே கோட்டில், முடிந்துவிடும். இனி 3 வரிசையில் 3 புள்ளி வைத்துப் பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வந்துவிடும், ஆனால் கோலம் பாதியில் நிற்கும். மொத்தம் மூன்று கம்பி தேவைப்படும். வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பி.

இதை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் வேறு நிற ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். முதலில் 2×4, 3×3, 3×6. கரும்பலகையில் வரிசை, புள்ளி, கம்பி என்று மூன்று பத்தி போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நிரப்புங்கள். 2, 3, 3 என்று வரும். “சின்ன எண் எதுவோ அதுதான் சார் விடை” என்று யாராவது சொல்வார்கள். மறுக்க வேண்டாம். 4×6 கொடுங்கள். நான்கு வரும் என்று காத்திருப்பவர்களுக்கு இரண்டு வரும். இந்தப் பாடத்தின் உயிரே அந்த இடம்தான். அவசரப்பட்டு உதவிக்குப் போகாதீர்கள். பிறகு 3×4. கடைசியில் 6×9-க்கு எத்தனை கம்பி என்று வரையாமலே கேளுங்கள். சொன்ன பிறகு வரைந்து பார்க்கட்டும்.

ஒரு வெட்டு விட்டுப்போனாலும் எண்ணிக்கை மாறிவிடக்கூடும். அப்போது அழிக்கச் சொல்லாமல், விரலால் கோட்டின் வழியே போய்த் தவறிய இடத்தைத் தேடச் சொல்லுங்கள். கண்ணும் கையும் ஒன்றாகப் பழகுவது அந்தத் தேடலில்தான்.

இரண்டாவது பீரியடை வராந்தாவுக்கு மாற்றுங்கள். தரையில் தண்ணீர் தெளித்து, கோலமாவால் போடட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைச் சீராக விடுவது பேனா பிடிப்பதைவிடக் கடினம். வீட்டில் கோலம் போட்டுப் பழகிய மாணவி இங்கே ஆசிரியராகிவிடுவாள். கணக்கில் பின்தங்கியவளாக இருந்தால் அவளையே முன்னால் நிறுத்துங்கள். பையன்களை வேடிக்கை பார்க்க விடவே கூடாது. கோலம் போடும் வழக்கமில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தயக்கம் இருந்தால், தாளில் புள்ளியும் கோடுமாகவே தொடரட்டும். கணக்கில் ஒன்றும் குறையாது.

மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போடுங்கள்: கோட்டுக்கு ஒன்று, கண்டுபிடிப்புக்கு ஒன்று. கோணலாகப் போட்டுவிட்டு விதியைச் சரியாகச் சொன்ன பிள்ளையும், அழகாகப் போட்டுவிட்டு விதி புரியாத பிள்ளையும் தனக்கு எது வரவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே முறையில் அறிவியலுக்கும் போகலாம். மஞ்சள் கரைசலில் தாளைத் தோய்த்துக் காயவைத்து, சுண்ணாம்புத் தண்ணீரால் அதில் வரையச் சொல்லுங்கள்; கோடு சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். அமிலமும் காரமும் அங்கே படமாகவே நிற்கும்.

எல்லாப் பாடங்களையும் ஒரே ஆண்டில் இணைக்க முயலாதீர்கள். ஒரு பருவத்துக்கு இப்படி ஒரு பாடம் போதும். கணக்கு ஆசிரியரிடம் இந்த வாரமே பேசி, இரண்டு பீரியட் கேட்டு வாங்குங்கள்.